தப்பா இருந்தா சொல்லு சார்

அந்தப் பூக்காரக்காவுக்கு எந்தக் கதையையும் சரியாகச் சொல்லத் தெரியாது. திருவிடந்தையில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நேற்று நடந்ததைப் போன மாசம் என்பாள். புயல் வந்த வருஷத்தை மாற்றுவாள். உயிரோடு இருக்கிற மனுஷருக்குக் காரியமே பண்ணிவிடுவாள். "அக்காவுக்கு ஒரு நட்டு லூசு சார், மத்தபடி தங்கம்" என்பார் பக்கத்து டீக்கடை மாஸ்டர். எந்தக் கதையாக இருந்தாலும் அக்கா ஒரே மாதிரிதான் முடிப்பாள். "தப்பா இருந்தா சொல்லு சார், திருத்திக்கிறேன்."

எனக்கோ தப்பைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் போனில் யாருக்கோ தப்பாக வழி சொன்னால்கூட நடுவில் புகுந்து திருத்துவேன். நன்றி சொன்னவர்கள் குறைவு, முறைத்தவர்கள்தான் அதிகம். "உனக்குப் பொண்ணு அமையாததுக்கு ஜாதகம் ஒண்ணும் காரணம் இல்லடா, இந்த வாய்தான்" என்பாள் அம்மா. அப்பேர்ப்பட்ட எனக்கும் அந்த அக்காவுக்கும் வருஷக்கணக்கில் சாயங்காலம் தோறும் ஒரே பஸ் நிறுத்தம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரமாக ஒரு விடுதியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு ஊரப்பாக்கம். வேலை முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் கோயில் வளைவுக்குப் பக்கத்தில் நிறுத்தம், நிறுத்தத்தை ஒட்டி அக்காவின் கடை. கடை என்றால் ஒரு மரப் பெஞ்சு, மேலே நீலத் தார்ப்பாய், ஈரச் சாக்குக்குள் பூ. கோவளம் பஸ் வரும்போதுதான் வரும். அதுவரை பெஞ்சின் ஒரு ஓரம் எனக்கு.

ஆனால் அக்காவை முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், அம்மாவோடு வந்தபோது. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு வருவது வழக்கம். சாமிக்குச் சாத்திக் கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி படத்துப் பக்கத்தில் மாட்டி வைக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து, காய்ந்த மாலையைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் மரத்தில் கட்டிவிட வேண்டும். நானும் சுற்றினேன். அம்மா ஓரமாக நின்று எண்ணினாள். அந்த மாலை இன்னும் எங்கள் வீட்டில் சருகாகத் தொங்குகிறது. திருப்பிக் கொடுக்க வழியில்லை, தூக்கிப் போடவும் கூடாது. தூக்கிப் போட்டால் குடும்பத்துக்கே ஆகாது என்று அம்மாவுக்குப் பயம். ஒட்டடை அடிக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் அடிப்பாள்.

அக்கா ஒல்லி. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காதுக் கம்பி உடைந்துபோய் வாழைநாரால் கட்டியிருப்பாள். மழையோ வெயிலோ அவள் கை நின்று நான் பார்த்ததில்லை. பேச்சு ஒரு பக்கம் போகும், பூ ஒரு பக்கம் ஏறும். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாள். கேட்கிறவன் ஏதாவது சொன்னால் மட்டும் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்ப்பாள். அந்தப் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். பழகும்வரை எனக்கு அது பிடிக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு அங்கே ஒரு கூட்டம் சேரும். விடுதிகளில் ஷிப்டு முடிந்தவர்கள், மீன் விற்றுவிட்டுக் கூடையோடு திரும்புகிறவர்கள், கோயிலுக்கு வந்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிற வெளியூர்க்காரர்கள். கடல் பக்கத்திலிருந்து காற்று சவுக்குத் தோப்பைக் கடந்து 'உய்'யென்று வரும். யாராவது ஒருத்தர் சினிமாப் பாட்டு கேட்கிற மாதிரி கேட்பார்கள்: "அக்கா, அந்தத் தோப்புக் கதைய சொல்லுக்கா."

அக்கா தலை நிமிராமல் ஆரம்பிப்பாள்.

"இந்தப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு. ஹோட்டல்ல ரூம் கிளீன் பண்ற வேல. அன்னிக்கு லீவு போட்டுட்டு கோயிலுக்கு வந்துது. மாலை போட்டுனு சுத்துச்சி. நல்லா சிரிச்சிகினே சுத்துச்சி. பொழுது சாயற நேரம். மாலைய கழட்டி ஒரு செவப்புப் பையில வச்சிகினு தோப்பு வழியா வூட்டுக்குப் போச்சி. வூடு போய் சேரல. காத்தால தேடிகினு போனா, தோப்புல கெடக்குது. துப்பட்டாவால நெரிச்சிட்டு பூட்டான். பையும் காணம், மாலையும் காணம். எவன்னு இன்னி வரைக்கும் தெரியல. தப்பா இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

உடனே ஆரம்பித்துவிடுவார்கள். "லீவு இன்னாக்கா லீவு? மத்தியான ஷிப்டு முடிச்சிட்டுதானே வந்துச்சி" என்பான் விடுதியில் தோட்ட வேலை செய்கிறவன். "காத்தால இல்லக்கா, ராத்திரியே பாத்துட்டாங்கோ. எங்க மாமாதான் டார்ச்சு அடிச்சாரு" என்பாள் மீன்காரம்மா. அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "அப்பிடியா? மறந்தே பூட்டேன் பாரேன்" என்பாள். அடுத்த வாரம் அதே கதையில் வேறு இரண்டு தப்பு இருக்கும். திருத்துவதற்கு வேறு இரண்டு பேர் இருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பயந்துபோய்த் தோப்புப் பக்கம் பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

நானும் சளைக்காமல் திருத்திக்கொண்டிருந்தேன். பேப்பரில் வந்ததை நான் படித்திருந்தேன் அல்லவா? "அக்கா, பொண்ணுக்கு இருபத்தஞ்சு இல்ல, இருபத்திரெண்டு" என்று ஒரு நாள் ரொம்பவும் கறாராகச் சொன்னேன். அக்கா "அப்பிடியா சார்?" என்று கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு டீ குடிக்கப் போனபோது மாஸ்டர் கிளாஸை என் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சார், உனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு அக்காவோட கூடப் பொறந்த தங்கச்சி சார்."

தங்கையின் வயசை அக்காவுக்கே திருத்திச் சொல்லியிருக்கிறேன். மாஸ்டர் சமாதானம் சொன்னார். "நீ இன்னா பண்ணுவ? அது போனதுலருந்து அக்காவுக்கு ஞாபகம் சரியில்ல. மொதல்ல எல்லாம் அது கதைய எடுத்தாலே நாங்க எந்திரிச்சி பூடுவோம். அப்பறம் தப்பு தப்பா சொல்ல ஆரம்பிச்சிதா, பாவம் சொல்லிக் குடுப்போமேன்னு நாங்களும் சொல்லிகினு கீறோம்." ஊருக்கு அக்கா மேல் பிரியம் இருந்தது. அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை. பின்னால் நடந்ததை நினைத்தால் அந்தப் பிரியம்தான் பயமாக இருக்கிறது.

அதற்கப்புறம் நான் திருத்துவதை நிறுத்தி, வெறுமனே கவனிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நிற்காத அந்தக் கை, கதையில் தப்பு வருகிற இடத்தில் மட்டும் ஒரு கணம் நிற்கும். 'லீவு' என்னும்போது நின்றது. 'காத்தால' என்னும்போது நின்றது. பிறகு மறுபடி நார் ஓடும். மறந்துபோய்ச் சொல்கிறவளின் கைக்கு, சொல்வது தப்பு என்று எப்படித் தெரியும்?

ஒரு நாள் நல்ல மழை. பஸ்ஸும் இல்லை, கூட்டமும் இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே நாங்கள் இரண்டு பேர்தான். பேச்சுவாக்கில் அக்கா கேட்டாள்: "உங்கம்மாவுக்கு முட்டி வலி இப்ப எப்பிடி கீது சார்? அன்னிக்கு ஒம்போது சுத்தும் உன்னோட வரேன்னு சொல்லிட்டு ரெண்டுலயே ஒக்காந்துட்டாங்களே. நீ அந்தக் கட்டம் போட்ட சட்டைல, மாலை குத்துதுன்னு கத்திகினே சுத்தின."

அம்மா இரண்டு சுற்றுக்கு மேல் முடியாமல் உட்கார்ந்ததை நானே மறந்திருந்தேன்.

"அக்கா, உங்களுக்கு ஞாபகம் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? அப்ப அந்தக் கதைய மட்டும் ஏன் தப்பு தப்பா சொல்றீங்க?"

அக்கா தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் குச்சியால் தள்ளிவிட்டாள்.

"சரியா சொன்னா யாருனா வாயத் தொறப்பாங்களா சார்? 'த்சொ, பாவம்'னு சொல்ட்டு பஸ் ஏறி பூடுவாங்கோ. தப்பா சொல்லிப் பாரு. சும்மா இருக்க முடியாது ஜனத்தால. நீயே சும்மா இருந்தியா?"

சாரல் படாமல் நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"அதுக்குத்தான் எல்லாக் கதையும் தப்பா சொல்றது. ஊர பழக்கி வச்சிகீறேன். அக்கா தப்பா சொல்லும், நாம சொல்லிக் குடுக்கணும்னு. ஒண்ணே ஒண்ணு மட்டும் நான் யாருக்கும் சொன்னது கெடையாது. போலீசு அப்ப வந்து, போன்ல யார்கிட்ட பேசும், லவ்வு கிவ்வு கீதா, அதத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்கோ. இத கேக்கல, நானும் சொல்லல. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். அந்தத் தோப்புல இருந்தவனுக்குத் தெரியும். என்னிக்கோ ஒரு நாள் அவன் இங்க வந்து குந்துவான். கத கேப்பான். நான் அத தப்பா சொல்லுவேன். அவன் வாய் சும்மா இருக்காது."

"அது என்னக்கா, அந்த ஒண்ணு?"

அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு. "சொல்லிட்டா உனக்கும் தெரிஞ்சி பூடும். அப்பறம் உம்மேலயும் எனக்கு சந்தேகம் வரும். வேணாம் சார், நீ நல்ல மனுஷன்."

மழை விட்டு பஸ் வந்ததும் நான் ஏறிக்கொண்டேன். கோவளம் வரைக்கும் முதுகில் யாரோ கை வைத்திருக்கிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொன்ன திருத்தம் ஒவ்வொன்றையும் அவள் கண்ணாடிக்கு மேலாக நிறுத்திப் பார்த்திருக்கிறாள். நான் சொன்னதையும்தான். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டு, எல்லோருக்கும் சிரித்த முகமாகப் பூ கொடுத்திருக்கிறாள்.

பிறகு ஒரு ஐப்பசி மாதச் சாயங்காலம். மேகம் போட்டுச் சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர், தோட்ட வேலைக்காரன், மீன்காரம்மா, நான். அக்கா கதையைப் பாதி சொல்லியிருந்தாள். எதிர்ப்புறம் ஒரு ஆம்னி வேன் வந்து நின்றது. ஒரு பெண் மட்டும் இறங்கிச் சாலையைத் தாண்டி வந்தாள். இடுப்பில் இரண்டு வயசுப் பெண் குழந்தை. கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு, நாம் சாப்பாடு கொண்டுபோவோமே, அந்த மாதிரி. கூட வந்த ஆள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

"ரெண்டு மாலை குடுக்கா, ஜோடியா. கருங்குழிலருந்து வரோம், நடை சாத்திருவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் நேரம் கீது, குந்தும்மா" என்ற அக்கா, மாலையைக் கட்டியபடி கதையைத் தொடர்ந்தாள். "பொழுது சாயற நேரம். மாலைய கழட்டி ஒரு மஞ்சப் பையில வச்சிகினு..."

போன வாரம் அது பச்சைப் பை. அதற்கு முன்னால் வயர் கூடை. பையை மட்டும் இதுவரை யாரும் திருத்தியதில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை உறைக்கவே இல்லை.

"மாலைய யாருனா பையில வைப்பாங்களாக்கா?" என்றாள் அந்தப் பெண், வெகுளியாக. "கசங்கிப் பூ உதுந்துடாது? எங்க வூட்டுக்காரரு இதோ இதுலதான் வச்சி எடுத்தாந்தாராம். ஒரு பூ கசங்கல, அப்பிடியே இருந்துச்சின்னு எங்க மாமியா சொல்லும்." தூக்கைத் தூக்கிக் காட்டினாள். "கல்யாணத்துக்கு முன்ன இங்க கட்டட வேலைக்கு வந்தாராம். அப்ப சுத்துன மாலையாம். அதுக்கப்பறந்தான் எனக்கும் அவருக்கும் ஆச்சி. கொண்டாந்து போட்ருவோம், போட்ருவோம்னு எத்தினி தபா சொன்னேன்! காதுலயே போட்டுக்க மாட்டாரு. இப்ப பாப்பாவுக்கு ஓயாம ஜொரம். பாக்கி வச்ச வேண்டுதல் எதுனா கீதான்னு குறி சொல்றவங்க கேட்டாங்கோ. அதான் நானே வண்டி பேசி இட்டாந்தேன். வந்ததுலயே போவட்டும்னு இதுலயே வச்சிகினு வந்துட்டேன்."

அக்காவின் கை நின்றது. ஒரு கணம் நின்று ஓடவில்லை. நின்றே விட்டது. பாதி கட்டிய மாலை மடியிலிருந்து சரிந்து சாக்கில் விழுந்தது. மாஸ்டர் டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எந்த வருஷம்மா?" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அந்தப் பெரிய மழ வந்துச்சே, அதுக்கு முன்ன வருஷம்." தோப்புச் செய்தியை நான் பேப்பரில் படித்ததும் அந்த வருஷம்தான். சொல்லிவிட்டு அவள் எதிர்ப்புறம் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாயேன்! நீ இந்த மாலைய தூக்குலதானே கொண்டாந்த? இந்தக்கா யாரோ பையில வச்சாங்கன்னு கத சொல்லிகினு கீது."

அவன் வர விருப்பமில்லாமல் வந்தான். வாட்டசாட்டமான ஆள், முன்நெற்றியில் வழுக்கை. தார்ப்பாயின் விளிம்பில் வெளிச்சம் படாத இடமாக நின்றான். எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு சொன்னான்:

"பைதான். அக்கா சொல்றதுதான் சரி."

அந்தக் கடையில் அத்தனை வருஷத்தில் அக்கா சொன்னது சரி என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான். உள்ளூர்க்காரன் இல்லை. யாருடைய கதை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மனைவி கேட்டது அவன் மாலையைப் பற்றி. அவன் பதில் சொன்னது அக்காவின் கதையைப் பற்றி.

அக்கா குனிந்து, விழுந்த மாலையை எடுத்தாள். முடிச்சுப் போட்டு முடித்தாள். வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள். "இந்தாம்மா. பழைய மாலையையும் இந்த எலையில வச்சி எடுத்துனு போ. தூக்க இங்கயே வச்சிடு. வேண்டுதல் மாலை வந்த ஏனத்த வூட்டுக்குத் திருப்பி எடுத்துனு போகக் கூடாது. இந்தக் கோயில் வழக்கம் அது."

அப்படி ஒரு வழக்கம் கிடையவே கிடையாது. வாய் திறந்துவிட்டேன். "அக்கா, அப்படி எல்லாம்..." என்பது தொண்டை வரை வந்துவிட்டது. அக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். அக்காவின் கதையைத் தவிர, என் ஆயுசில் தப்பைக் கேட்டுத் திருத்தாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

திருத்தியது அவன். "அப்பிடி ஒண்ணும் வழக்கம் கெடையாது. தூக்க எடு, போலாம்."

"சாமி விஷயத்துல சும்மா இருங்க நீங்க!" என்று மனைவி ஒரு சத்தம் போட்டாள். தூக்கைத் திறந்து, காய்ந்த மாலையைப் பதமாக எடுத்து இலையில் வைத்துக்கொண்டு, குழந்தையோடு கோயிலுக்குள் போனாள். ஜோடியாகப் போக வேண்டிய இடம். அவன் போகவில்லை. வேனுக்குத் திரும்பிப் போய், விளக்கைப் போடாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டான். அவள் திரும்பி வந்து ஏறினாள். வேன் போய்விட்டது. நான் நம்பரை மனசில் எழுதிக்கொண்டேன். என் உபயோகமற்ற கறார் புத்தி அன்றைக்கு ஒன்றுக்குத்தான் உதவிற்று.

அக்கா தூக்கைத் தலைகீழாகத் திருப்பி என்னிடம் நீட்டினாள். "எனக்குக் கண்ணு மறைக்குது சார். அடியில பேரு வெட்டியிருக்கும், படி."

தேய்ந்த புள்ளி எழுத்து. மாஸ்டர் டார்ச் அடித்தார். "கன்னியம்மா" என்று படித்தேன்.

"எங்கம்மா" என்றாள். "அன்னிக்கு அவ பை எடுத்தாரல. சாப்ட்ட தூக்க குழாயில கழுவி, தொடச்சி, நாந்தான் மாலைய உள்ள வச்சி மூடி குடுத்தேன். கசங்காம எடுத்துனு போடின்னு." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரியாப் பாத்தியா சார்? தப்பா இருந்தா சொல்லு. தப்புன்னு சொல்லு சார்." இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில் அவனோடு அந்தக் குழந்தையையும் பார்த்துவிட்டாள். அதுதான் அந்தக் குரலில் இருந்தது. என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

பயத்தில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். திறந்து பார்த்தால் பெருமாள் மாலை. எவர்சில்வர் பாத்திரத்தைத் தூக்கிப் போட நம் ஆட்களுக்கு மனசு வராது. சாமி மாலையைத் தூக்கிப் போடத் தைரியம் வராது. வீட்டில் கேட்டதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். தாயார் அதைப் பயபக்தியோடு படத்துப் பக்கத்தில் மாட்டியிருப்பாள். அதன் கீழேயே அவனுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது.

மறுநாள் அக்காவோடு நானும் மாஸ்டரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். கருங்குழிக்காரனைக் கூப்பிட்டு விசாரித்தார். பழைய பாத்திரக் கடையில் வாங்கிய தூக்கு, மாலை தானே கழுத்தில் போட்டுச் சுற்றியது என்று அவன் சாதித்துவிட்டான். இந்தக் கரையோரத்தில் தெருவுக்கு ஒரு கன்னியம்மா. பழைய விசாரணையில் தூக்கு என்ற பேச்சே இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். ஊர் ஒரே குரலில், அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொல்லிற்று: "அது பாவம் சார். தங்கச்சி போனதுலருந்து ஞாபகம் இல்ல. ஒரு நாளிக்கு மஞ்சப் பைன்னும், ஒரு நாளிக்கு கூடைன்னும். தூக்குன்னு இப்பத்தான் கேக்கறோம்." மாஸ்டரும் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதார்.

"நான் நம்பறேன்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா இத வச்சிகினு கோர்ட்டுல நிக்க முடியாது. உன் வாயாலயே கெடுத்து வச்சிருக்கியே."

அவளுடைய வலையில் அவன் விழுந்தான். அவனை வெளியே எடுத்துவிட்டதும் அதே வலைதான். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் ஒரு வாரம் அம்மாவிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அக்கா மறுபடி கடை போட்டாள். மறுபடி கதை சொன்னாள். இந்தத் தடவை எல்லாம் சரியாக. மத்தியான ஷிப்டு, ராத்திரி, டார்ச், இருபத்திரண்டு வயசு, தூக்கு. கை எங்கேயும் நிற்கவில்லை. 'தப்பா இருந்தா சொல்லு' என்ற வரியை விட்டுவிட்டாள். ஆனால் பழகின ஊர் சும்மா இருக்குமா? "இன்னாக்கா புதுசா தூக்குன்ற? மஞ்சப் பைதானே?" என்று அன்பாகத் திருத்தினார்கள். "தூக்குதான்" என்பாள். "சரி சரி, தூக்குதான்" என்று கண்ணடித்துக்கொள்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொல்ல ஆரம்பித்தபிறகுதான் அவள் ஊருக்குப் பைத்தியமாகத் தெரிந்தாள்.

தை பிறந்து சில நாள் இருக்கும். பொழுது சாய்கிற நேரம். மாமல்லபுரம் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் அந்தக் கருங்குழிப் பெண் இறங்கினாள். கூட யாரும் இல்லை. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இளைத்திருந்தாள். பெஞ்சில் வந்து உட்கார்ந்து, "கத சொல்லுக்கா" என்றாள்.

அக்கா சொன்னாள். முழுக்கச் சொன்னாள். தூக்கு வந்த இடத்தில் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். கதை முடிந்ததும் கேட்டாள்:

"அன்னிக்கு மஞ்சப் பைன்னுதானேக்கா சொன்ன? என் காதால கேட்டேனே. உனக்கு மறதின்னு ஊரே சொல்லுது. அவரும் சொல்றாரு. பைன்னு ஒரு தபா சொல்லுக்கா. ஒரே ஒரு தபா. நான் எந்திரிச்சி எம்பாட்டுக்குப் போய்ட்றேன்."

"ஆமாம்மா, பைதான்" என்று ஆரம்பித்தார் மாஸ்டர், மனசு கேட்காமல். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

ஊருக்கெல்லாம் தப்பை வாரி வாரிக் கொடுத்தவள். இவள் கேட்பது ஒரே ஒரு தப்பு. நான் அக்காவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றால் பொய் சொல்லப் போகிறாள் என்று அர்த்தம். நிற்கட்டும் என்றுதான், சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் வேண்டிக்கொண்டேன்.

நிற்கவில்லை. நார் ஓடிக்கொண்டே இருந்தது.

"தூக்கும்மா" என்றாள் அக்கா. "நாந்தான் மூடி குடுத்தேன்."

அந்தப் பெண் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்புறம் மாமல்லபுரம் பஸ் வந்து நின்றது. அதில் ஏறி செங்கல்பட்டு போய் மாறினால்தான் கருங்குழிக்கு. கண்டக்டர் படியில் நின்று எங்கள் பக்கம் பார்த்து இரண்டு தடவை விசில் கொடுத்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது. அக்கா ஈரச் சாக்கை உதறி ஓரமாகப் போட்டுவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.